கைப்பேசி காட்டும் மதிப்பெண்ணும் குழந்தையின் உண்மை நிலையும்
ஆட்டிசம் பற்றியும் இணையச் சுயசோதனைகள் பற்றியும் ஒரு விளக்கம்

குன்னம் வட்டத்தின் எந்தச் சிற்றூரிலும் நிகழக்கூடிய ஒரு காட்சியை முதலில் எண்ணிப் பார்ப்போம். இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தை ஒன்று இன்னும் 'அம்மா' என்று அழைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் தொலைக்காட்சியில் விளம்பரப் பாட்டு ஒலித்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறது. தாய் ஐயுற்றுத் தன் மாமியாரிடம், "அத்தை, இவன் கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்கிறானே" என்கிறாள். "உன் புருசனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும், நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காதம்மா" என்று அவர் தேற்றுகிறார். வளைகுடா நாட்டில் பணிபுரியும் தந்தை, நண்பர் ஒருவர் தந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கிறார். ஐந்து நிமிடங்களில் இருபது வினாக்களுக்கு விடையளித்து முடிந்ததும், 'ஆபத்து குறைவு' என்ற சொற்கள் பச்சை நிறத்தில் தோன்றுகின்றன. வீடு நிம்மதி அடைகிறது. ஓராண்டு கழிகிறது.

மற்றொரு காட்சி. கல்லூரி விடுதியில் தங்கிப் பயிலும் மாணவி ஒருத்தி, கூட்டத்தில் கலந்து பழக இயலாத தன் இயல்பை எண்ணி வருந்தி, நள்ளிரவில் ஐம்பது வினாக்கள் கொண்ட சோதனையொன்றைச் செய்து பார்க்கிறாள். எல்லைக் கோட்டைத் தாண்டிய மதிப்பெண் வருகிறது. அன்று முதல் 'எனக்கு ஆட்டிசம்' என்ற முடிவைத் தன்னுள் சுமந்துகொண்டு, யாரிடமும் சொல்ல இயலாமல் தவிக்கிறாள்.

முதற் காட்சியில் ஒரு குழந்தையின் பொன்னான ஓராண்டு வீணாகிறது. இரண்டாவதில் ஓர் இளம் உள்ளம் சரிபார்க்கப்படாத தீர்ப்பைச் சுமக்கிறது. இணையச் சோதனைகள் முற்றிலும் பயனற்றவை என்று கூறுவதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. அவை எந்த அளவுக்கு நம்பத்தக்கவை, அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்குவதே நோக்கம்.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் ஒரு வேறுபாடு. தொற்று நோயோ பைத்தியமோ அன்று. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும், அதற்கு அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதிய கட்டுரையும் இந்நிலையை மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தின. இன்று இது ஒரு நிறமாலை போன்றது எனக் கருதப்படுகிறது. பேச்சே வராத குழந்தையும், சரளமாகப் பேசிப் பட்டம் பெற்று, ஆயினும் பிறருடைய குறிப்புகளைப் புரிந்துகொள்ள முடியாமல் திணறும் இளைஞரும் அந்நிறமாலையின் வெவ்வேறு இடங்களில் நிற்பவர்கள்.

கண்டறிதலுக்கு இரண்டு கூறுகள் அடிப்படையாக அமைகின்றன. முதலாவது, பிறரோடு உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறிக்கொள்வதிலும் காணப்படும் இடர்ப்பாடு. இரண்டாவது, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாறாத ஒழுங்கின்மேல் பிடிவாதம், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றின்மீது மிகையான அல்லது குறைவான உணர்திறன் போன்றவை. இவ்விரண்டும் குழந்தைப் பருவம் முதலே இருத்தல் வேண்டும். அன்றாட வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும். ஒன்று மட்டும் இருப்பதைக் கொண்டு ஆட்டிசம் என்று கூற இயலாது.

உலக அளவில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவர் இந்நிலையில் இருக்கலாம் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீடு. 2013இல் வெளியான 'ஹரிதாஸ்' திரைப்படம் வாயிலாக நம்மில் பலர் இச்சொல்லை முதன்முதலில் கேட்டிருப்போம். ஆயினும் திரையில் கண்ட ஒரு சிறுவனைப் போலவே எல்லாக் குழந்தைகளும் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது தவறு.

காரணம் பற்றியும் ஒரு சொல். மரபணுக்களின் பங்கு இதில் பெரிது. தாயின் அன்புக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேலைநாட்டில் பரப்பப்பட்ட கருத்து முற்றிலும் கைவிடப்பட்டுவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்ற அச்சத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதனை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. எனவே எந்தத் தாயும் தன்னைக் குற்றவாளியாக எண்ண வேண்டியதில்லை; எந்தக் குழந்தைக்கும் தடுப்பூசியை நிறுத்த வேண்டியதும் இல்லை.

இச்சோதனைகள் எங்கிருந்து வந்தன?

இணையத்தில் உலவும் சோதனைகளுள் சில, ஆய்வாளர்கள் உருவாக்கிய முறையான வினாத்தாள்கள். வேறு சில, எவரோ பொழுதுபோக்குக்காகவோ விற்பனைக்காகவோ தொகுத்தவை. இரண்டும் ஒரே தோற்றத்தில் வருவதால் படிப்பவர் வேறுபாடு அறிய முடிவதில்லை.

முறையானவற்றுள் குழந்தைகளுக்குப் பெரிதும் பயன்படுவது எம்-சாட் எனப்படும் வினாத்தாள். அதன் திருத்திய வடிவத்தில் 20 வினாக்கள் உள்ளன. 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு மட்டுமே அது உரியது. மூன்று வயதுக் குழந்தைக்கு அதனைப் பயன்படுத்தி வரும் மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை. மதிப்பெண் 0 முதல் 2 வரை வந்தால் ஐயம் குறைவு. 3 முதல் 7 வரை வந்தால் இரண்டாம் படியாக, பயிற்சி பெற்றவர் பெற்றோரிடம் ஒவ்வொரு விடையையும் விளக்கமாகக் கேட்டு உறுதி செய்தல் வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரடியாக முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அந்த இரண்டாம் படிதான் இச்சோதனையின் உயிர். 'விரலால் சுட்டிக் காட்டுகிறானா?' என்ற வினாவுக்குத் தாய் 'ஆம்' என்கிறாள். மேலும் கேட்டால்தான், குழந்தை தாயின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று பிஸ்கட் டப்பாவின்மேல் வைக்கிறது என்பதும், தான் கண்ட நிலவையோ வண்டியையோ பிறருக்குக் காட்டுவதற்காக ஒருபோதும் விரல் நீட்டியதில்லை என்பதும் தெரிய வருகின்றன. கைப்பேசித் திரையில் அந்த விடை வெறும் 'ஆம்' என்றே பதிவாகிறது. பல இணையப் பக்கங்களும் செயலிகளும் முதற்படியோடு நின்றுவிடுகின்றன.

2014இல் வெளியான ஆய்வு, இரண்டு படிகளையும் கடந்து ஐயத்துக்குரியவர்களாக நின்ற குழந்தைகளுள் 47.5 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் உறுதியானதாகத் தெரிவித்தது. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஆட்டிசம் இல்லை என்பது இதன் ஒரு பக்கம். மறுபக்கம் அதைவிட முக்கியமானது: அவர்களுள் 94.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலைக்குரிய கூறோ இருந்தது. ஆகவே சோதனை எச்சரித்தால், 'ஆட்டிசமாக இருக்காது' என்று எண்ணி வீட்டில் இருந்துவிடக் கூடாது. வேறு வகை உதவி தேவைப்படும் வாய்ப்பு மிகுதி.

ஒரு சிறு கணக்கு

பெரியவர்களுக்கு மிகுதியாகப் புழங்குவது, 2001இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் உருவாக்கிய 50 வினாக்கள் கொண்ட சோதனை. 32 மதிப்பெண் என்பது அவர்கள் குறித்த எல்லை. ஆட்டிச நிலையினருள் 80 விழுக்காட்டினர் அவ்வெல்லையை எட்டினர். பொதுமக்களுள் 2 விழுக்காட்டினர் மட்டுமே எட்டினர். இதனைப் படிப்பவருக்கு, 'எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் ஆட்டிசம்தான்' என்று தோன்றும். அத்தோற்றம் சரிதானா என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை ஏற்றுக்கொண்டு, ஓர் ஊரில் 1,000 பேர் இச்சோதனையைச் செய்கிறார்கள் என்க. அவர்களுள் 10 பேர் ஆட்டிச நிலையினர். 80 விழுக்காடு என்பதால் அவர்களில் 8 பேர் எல்லையைத் தாண்டுவர். 2 பேர் தவறிவிடுவர். எஞ்சிய 990 பேரில் 2 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 20 பேர், ஆட்டிசம் இல்லாமலே எல்லையைத் தாண்டுவர். மொத்தம் 28 பேருக்குத் திரை 'ஆம்' என்று காட்டும். அவர்களுள் உண்மையில் ஆட்டிச நிலையினர் 8 பேர் மட்டுமே. நல்ல சோதனையே ஆயினும், அரிதாக உள்ள ஒன்றைப் பொதுமக்களிடையே தேடும்போது தவறான எச்சரிக்கைகளே மிகுதியாக இருக்கும். இது கணக்கின் இயல்பு.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பிரிட்டனில், ஆட்டிச ஐயத்தோடு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 476 பெரியவர்களை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எல்லைக்குக் கீழே மதிப்பெண் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினருக்கு, நேரடி மதிப்பீட்டின் பிறகு ஆட்டிசம் உறுதி செய்யப்பட்டது. பதற்ற நோய் உள்ளவர்களின் மதிப்பெண் ஆட்டிசம் போலவே தோற்றம் அளித்ததையும் அவ்வாய்வு சுட்டியது. எனவே உயர்ந்த மதிப்பெண் 'உண்டு' என்பதற்கும், தாழ்ந்த மதிப்பெண் 'இல்லை' என்பதற்கும் சான்றாகா.

நம் வீட்டு முற்றத்தில் அவ்வினாக்கள்

வினாத்தாள்கள் பிறந்த நாட்டின் வாழ்க்கை அவற்றினுள் படிந்திருக்கிறது. எம்-சாட் வினாத்தாளில் குழந்தை அன்றாட ஒலிகளுக்கு மிரள்கிறதா என்று கேட்கும் இடத்தில், தரையைத் துடைக்கும் வாக்குவம் கிளீனர் ஓசை எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டுள்ளது. வேப்பூரிலோ லப்பைக்குடிக்காட்டிலோ உள்ள தாய், மிக்சி ஓசையையும் திருவிழா வெடியையும் கோயில் மேளத்தையும் எண்ணி விடையளிக்க வேண்டும் என்பதை யாரேனும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கான சோதனையில் விருந்துக் கூட்டத்தை விரும்புகிறீர்களா, நூலகத்தை விரும்புகிறீர்களா என்ற வகையில் வினா வருகிறது. இரண்டுமே எட்டாத இடத்தில் வளர்ந்த ஒருவர் அதற்கு என்ன விடை கூறுவார்?

கண்ணோடு கண் நோக்குதலும் அப்படிப்பட்டதே. பெரியவர்கள் பேசும்போது தலைகுனிந்து நிற்பதை மரியாதையாகக் கருதும் வீட்டில், அவ்வினாவின் பொருள் மாறிவிடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் குழந்தை கேட்கும் முன்பே பாட்டி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுவதால், அது கேட்கத் தெரியாமல் இருப்பதை எவரும் கவனிப்பதில்லை.

அண்டை நாடான இலங்கையில், 18 முதல் 24 மாதம் வரையுள்ள 374 குழந்தைகளிடம் எம்-சாட் வினாத்தாளைப் பயன்படுத்திய ஆய்வு 2009இல் வெளியாயிற்று. ஆட்டிசம் இருந்த குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கினரையே அது கண்டுகொண்டது. எண்ணிக்கை சிறியதே ஆயினும், வேற்று மண்ணில் பிறந்த வினாத்தாளை அப்படியே பெயர்த்துப் பயன்படுத்துவதன் ஆபத்தை அது உணர்த்துகிறது. முதற் காட்சியில் நாம் கண்ட பச்சை நிறச் சொற்களை இந்த ஒளியில் பாருங்கள்.

முறையான மதிப்பீடு எவ்வாறு நிகழ்கிறது?

ஆட்டிசத்தைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையைப் பார்ப்பதும் பெற்றோர் கூறுவதைக் கேட்பதுமே வழி. முதலில் செவித்திறன் சோதிக்கப்படும். காது கேளாத குழந்தையும் பெயர் சொன்னால் திரும்பாது. விளம்பரப் பாட்டுக்கு ஓடி வருவதால் காது நன்றாகக் கேட்கிறது என்று வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம். சில ஒலிகள் மட்டும் கேளாத நிலையும் உண்டு. பின்னர் பார்வை, வலிப்பு, பொது வளர்ச்சி ஆகியவை ஆராயப்படும். தாயின் பேறுகாலம் முதலான வரலாறு கேட்கப்படும். குழந்தை விளையாடுவதை மருத்துவரும் உளவியலாளரும் அமைதியாக உற்று நோக்குவர்.

இந்தியாவிற்கென உருவாக்கப்பட்ட அளவுகோலும் உண்டு. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கி 2009இல் வெளிவந்த ஐசா அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. சமூக உறவு, உணர்ச்சி வெளிப்பாடு, பேச்சும் மொழியும், நடத்தை, புலனுணர்வு, அறிதிறன் ஆகிய ஆறு பிரிவுகளில் அவை அடங்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படும். மொத்தம் 70க்குக் கீழ் இருந்தால் ஆட்டிசம் இல்லை எனவும், 70 முதல் 106 வரை இலேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது எனவும் கொள்வர். அரசுச் சான்றிதழுக்கும் இவ்வளவுகோலே பயன்படுகிறது. இதனையும் இணையத்தில் பதிவிறக்கிப் பெற்றோர் தாமே நிரப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு மதிப்பெண்ணும் பயிற்சி பெற்றவரின் உற்றுநோக்கலின்பேரில் இடப்படுவது.

மதிப்பிடும் நாளில் குழந்தைக்குக் காய்ச்சலோ தூக்கமின்மையோ இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். வீட்டில் குழந்தை விளையாடுவதையும் உண்பதையும் இரண்டிரண்டு நிமிடக் காணொளிகளாக எடுத்து வாருங்கள். கைப்பேசி செய்யக்கூடிய மிகச் சிறந்த உதவி அதுவே. அந்தக் காணொளிகளை மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள்; குழுக்களில் பகிர வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும், எந்தச் சோதனை எந்த மதிப்பெண் தந்திருந்தாலும், மருத்துவரிடம் வாருங்கள்.

• 12 மாதம் நிறைந்தும் மழலை ஒலிகள் இல்லாமை. 'டாட்டா' காட்டுதல், சுட்டிக் காட்டுதல் போன்ற சைகைகள் இல்லாமை.
• 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லாமை.
• 24 மாதத்தில் தானாக இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை. விளம்பர வாசகத்தை ஒப்பிப்பது இதில் சேராது.
• பேசிக்கொண்டிருந்த பேச்சோ, சிரித்துப் பழகும் இயல்போ, எந்த வயதிலாயினும் மறைந்து போதல்.

'பேச்சுத் தாமதம் எங்கள் குடும்பத்தில் வழக்கம்' என்பது சில நேரங்களில் உண்மையாக இருக்கலாம். அதனை உறுதி செய்துகொள்ள ஒரு முறை வந்து போவதால் இழப்பு ஏதுமில்லை. காத்திருந்து ஐயம் உண்மையாகிவிட்டால் இழப்பது, மூளை மிக விரைவாகக் கற்கும் காலத்தை. மேலும், பேச்சுப் பயிற்சி தொடங்க ஆட்டிசம் என்ற பெயர் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கைப்பேசி பார்ப்பதால் ஆட்டிசம் வருகிறதா என்று பலர் வினவுகின்றனர். ஆட்டிசம் அதனால் உண்டாவதில்லை. ஆனால் மணிக்கணக்கில் திரையைப் பார்க்கும் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகலாம். இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம் என்பது 2019இல் உலக நலவாழ்வு அமைப்பு வழங்கிய அறிவுரையின் சாரம். திரையை நிறுத்திவிட்டு ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று மதிப்பீட்டைத் தள்ளிப் போடுவதும் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்க.

பெரியவர்கள் தம்மைப் பற்றி ஐயுற்றால்

சிறுவயதில் கண்டறியப்படாமல் வளர்ந்தவர்கள் பலர் உள்ளனர். குறிப்பாகப் பெண்கள், பிறரைப் பார்த்து நடந்து தம் இடர்ப்பாட்டை மறைத்துக்கொள்ளப் பழகிவிடுவதால் தவறவிடப்படுகின்றனர். ஆகவே அந்த மாணவியின் ஐயத்தை ஏளனம் செய்தல் தகாது. ஆனால் கூச்சம் மிகுந்த பதற்ற நோய், மனச்சோர்வு, எண்ணச் சுழற்சி நோய், கவனக் குறைபாடு ஆகியவையும் அதே வினாக்களுக்கு 'ஆம்' என்று விடை கூற வைக்கும். இவற்றுள் பலவற்றுக்குப் பயனுள்ள மருத்துவம் உண்டு. தவறான பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டால் அம்மருத்துவம் கிட்டாமலே போகும்.

செய்ய வேண்டியது எளிது. மதிப்பெண்ணை மட்டும் கொண்டு வராமல், எந்த வினாக்கள் உங்கள் நெஞ்சைத் தொட்டன என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்கு முன் நடந்த சில நிகழ்ச்சிகளை அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்டு எழுதுங்கள். பள்ளி மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள் இருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள். மனம் தாங்க இயலாத துயரில் இருந்தால், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

எங்கே தொடங்குவது?

அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறையும் நடமாடும் மருத்துவக் குழு பார்வையிடும் திட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டறிந்து, உங்கள் ஐயத்தை வாய்விட்டுக் கூறுங்கள். அவர்கள் வழியாக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்குப் பரிந்துரை பெறலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் உயர்நிலை மதிப்பீட்டுக்கும் பெற்றோர் பயிற்சிக்கும் உரிய இடம்.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இடம் பெறவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் அது ஒன்று. எனவே சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற உரிமை உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழிகாட்டும். இணையச் சோதனை தந்த எந்தத் தாளும் இங்குச் செல்லாது என்பதையும் நினைவிற் கொள்க.

எச்சரிக்கை ஒன்று. சில சோதனைகள் முடிவைக் காட்டுமுன் தொலைபேசி எண்ணைக் கேட்கும். பிறகு சத்து மாவு, மூலிகைத் துளிகள், குருத்தணுச் சிகிச்சை என அழைப்புகள் வரத் தொடங்கும். ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து எதுவும் இன்று இல்லை. குருத்தணுச் சிகிச்சை ஆட்டிசத்திற்குப் பரிந்துரைக்கப்படுவதும் இல்லை. மக்காச்சோளம் விற்ற பணத்தையும் அடகு வைத்த நகையையும் அதற்கு ஈடாக்காதீர்கள். பேச்சுப் பயிற்சி, செயல்வழிப் பயிற்சி, சிறப்புக் கல்வி, பெற்றோர் வீட்டில் நாள்தோறும் செய்யும் விளையாட்டுப் பயிற்சி ஆகியவையே நிலைத்த பலன் தருபவை.

நிறைவாக, முதற் காட்சியில் கண்ட தாயிடம் திரும்புவோம். அவள் ஐயுற்றது சரி. மாமியார் தேற்றியது அன்பினால். தந்தை இணைப்பை அனுப்பியது அக்கறையால். பிழை ஓரிடத்தில்தான் நேர்ந்தது: நாள் முழுதும் குழந்தையின் அருகில் இருந்து கண்ட தாயின் சொல்லைவிட, குழந்தையை ஒருமுறையும் கண்டிராத திரையின் சொல்லை வீடு நம்பிவிட்டது. உங்கள் மனத்தில் அத்தகைய ஐயம் எழுந்தால் அதனை அடக்காதீர்கள். குழந்தையோடு பாட்டியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அவர் கண்டவையும் எங்களுக்குத் தேவை.